பில் போட்டு விற்கும் குற்றம்

கடலூரில் இரண்டாயிரம் ரூபாயும் அரை மணி நேரமும் இருந்தால் போதும். பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கத்தக்க ஒரு குற்றத்தை யார் வேண்டுமானாலும் வாங்கித் தன் பைக்கில் மாட்டிக்கொண்டு போகலாம். ஒளிவுமறைவு ஏதும் கிடையாது. கடை வாசலில் கொக்கியில் வரிசையாகத் தொங்குகிறது. கேட்டால் ஜிஎஸ்டியோடு பில் போட்டுத் தருவார்கள். கழற்றிய கம்பெனி சைலன்சரைச் சாக்கில் சுற்றி, “பத்திரமா வச்சிக்க தம்பி, வண்டி விக்கிறப்ப வேணும்” என்று கையில் கொடுப்பார்கள். அந்தத் தம்பி கெடிலம் பாலத்தைத் தாண்டுவதற்குள் போக்குவரத்து போலீஸ் கைகாட்டி நிறுத்தினால் குற்றவாளி அவன் ஒருவன்தான். விற்றவர் வியாபாரி, மாட்டியவர் மெக்கானிக், செய்தவர் உற்பத்தியாளர். விற்பனைக்கு வரி வாங்கிய அரசு, ஓட்டியதற்கு அபராதமும் வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்காகச் சத்தம் போடும் பைக்குகளுக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஞாயிறு மாலை சில்வர் பீச்சுக்குக் குழந்தையோடு போய்வருகிற யாரும் வாங்க மாட்டார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகும் சாலை அகலமானது அல்ல. கடற்கரைக் கூட்டம், சுண்டல் வண்டிகள், பெரியார் கலைக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரே சாலையில்தான். அதில் பின்னாலிருந்து ஒரு பைக் ‘படபட’வென்று வெடித்துக்கொண்டு வந்தால் நடந்துபோகிற வயதானவர் முதலில் செய்வது நின்றுவிடுவது, அடுத்து, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் திணறுவது. சிதம்பரத்தில் இதே காட்சி தேரோடும் நான்கு வீதிகளில். இரண்டு பக்கமும் கட்டடம் நிற்பதால் சத்தத்துக்குப் போக வழியில்லை. கீழவீதியில் முறுக்கினால் சந்நிதியில் கேட்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பட்டறையில், அறுத்துப் பிளந்த கம்பெனி சைலன்சர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பைக் சைலன்சர் என்றால் வெறும் குழாய் என்று நினைப்பவர்கள் அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டும். உள்ளே தகடு வைத்து மூன்று அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போக, ஓட்டை போட்ட சிறு குழாய்கள். புகை நேராகப் போகாது. முன்னே போய், திரும்பி வந்து, மறுபடி முன்னே போய் வெளியேறும். அந்த அலைச்சலில் ஒலி அலைகள் ஒன்றோடொன்று மோதி அடங்குகின்றன. என்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப் சைலன்சரைச் சேரும் இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் உருளை ஒன்று. வாய்ப்பக்கம் பார்த்தால் தேனடை மாதிரி நுண்ணிய துளைகள். அதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பட்டறை மொழியில் ‘கேட்கான்’. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் மிக மெல்லிசாகப் பூசப்பட்டிருக்கும். ஏறக்குறைய 300 டிகிரி சூட்டில் அது வேலையைத் தொடங்கும். கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உள்ளே நுழைந்து, பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் வெளியே வரும். 2020 ஏப்ரல் முதல் தேதி நாடு பிஎஸ்-6 தரத்துக்கு மாறியபோது பைக் விலை ஏறியதே, அந்தப் பணத்தில் ஒரு பகுதி இந்த உருளைக்குள்தான் இருக்கிறது.

கடையில் தொங்கும் குழாயில் இது எதுவும் இல்லை. ஓட்டை போட்ட உள்குழாய், அதைச் சுற்றிக் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு, மேலே பளபளப்பான உறை. பெயர்கள்தான் ஏகப்பட்டவை: மெகாபோன், டால்பின், இந்தோரி, பஞ்சாப், ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில். பஞ்சு சில மாதங்களில் கருகிப் பறந்துவிடும். அதற்குப் பிறகு சத்தம் இன்னும் கூடும். கூடினால் குறை என்று யாரும் கொண்டுவருவதும் இல்லை. கழற்றிய கேட்கானுக்குப் பழைய இரும்புக் கடையில் தனி விலை உண்டு. உள்ளே இருக்கும் உலோகத்துக்காகத்தான் மும்பையிலும் குஜராத்திலும் நிறுத்தி வைத்த ஈக்கோ வேன்களின் சைலன்சர்களைத் திருடர்கள் அடியில் படுத்துக் கழற்றிக்கொண்டு போனார்கள். திருடனுக்குத் தெரிந்த மதிப்பு சொந்தக்காரருக்குத் தெரியவில்லை.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. புகைக்குழாயை மாற்றுவதே அறியாமை என்று சொல்லிவிட முடியாது. குழாயின் நீளத்திலும் வயிற்றின் அகலத்திலும் நாகஸ்வரத்தின் சுருதி இருப்பதுபோல, என்ஜினின் மூச்சும் புகைக்குழாயின் அளவில்தான் இருக்கிறது. இதை உலகத்துக்கு நிரூபித்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் இருந்த வால்டர் காடன் என்ற பொறியாளர். இத்தகைய டூ ஸ்ட்ரோக் என்ஜினின் புகைவழியில் வால்வு கிடையாது. புகை வெளியேறும் வழியாகவே புதிதாக வந்த பெட்ரோல் கலவையும் கொஞ்சம் தப்பி ஓடிவிடும். குழாயை முதலில் விரிந்தும் பிறகு குறுகியும் போகும்படி செய்தால், வெடிப்பில் கிளம்பும் அழுத்த அலை முதலில் புகையை உறிஞ்சி இழுக்கும். குறுகிய முனையில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடும் கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். ஒரு நகரும் பாகம்கூட இல்லாமல், தகரத்தை வளைத்தே செய்த வித்தை. 1961-இல் காடனின் 125 சிசி ரேஸ் பைக் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சுவீடன் பந்தயத்துக்குப் போன அந்த அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் அப்படியே மேற்கு நாடுகளின் பக்கம் தப்பினார். காடனின் நுட்பம் அவரோடு ஜப்பானின் சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே சுசுகி பைக்கில் 50 சிசி உலகப் பட்டத்தை டெக்னர் வென்றார். ஒரு சைலன்சரின் நுட்பம் பனிப்போர்க் கால எல்லையையே தாண்டியிருக்கிறது.

1985-இல் எஸ்கார்ட்ஸ் மூலமாக இந்தியாவுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-இன் சைலன்சருக்குள் இருந்ததும் இந்த விரிந்து குறுகும் வித்தைதான். 98 சிசி, 11 குதிரைத்திறன். 1996-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டிக்கு இன்றும் கடலூர் மாவட்டத்தில் கிராக்கி குறையவில்லை. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் சைலன்சர் உள்குழாயை அரை அங்குலம் கூட்டுவதும் குறைப்பதுமாகச் செய்து பார்த்து, எந்த அளவில் எந்த வேகத்தில் இழுவை கூடுகிறது என்று கையாலேயே கற்றவர்கள். அவர்களை நான் மதிக்கிறேன். பண்ருட்டியிலும் புவனகிரியிலும் பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் செய்த அந்தச் சோதனைகளை எழுதி வைக்க யாரும் இல்லை என்பது தனி வருத்தம்.

ஆனால் இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக், ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பைக்கில் அந்த வித்தைக்கு இடம் குறைவு. வால்வு இருக்கிறது, கலவை தப்பி ஓடும் பிரச்சினை அவ்வளவாக இல்லை. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதை, புகைக்குழாயில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. குழாயை மட்டும் மாற்றினால் அந்தக் கணினிக்குக் கணக்குத் தப்பும். கலவை இளைத்தால் என்ஜின் சூடேறும், வால்வு கருகும். கலவை கொழுத்தால் மைலேஜ் போகும். மிச்சப் பெட்ரோல் சைலன்சருக்குள் வெடிக்கும். அந்த வெடிப்பைத்தான் ‘ஃபயர் விடுறது’ என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். “பிக்கப் ஏறிடுச்சுண்ணே” என்று பையன் சொல்வது பெரும்பாலும் காது சொல்லும் பொய். நூற்றைம்பது சிசி வண்டியில் குழாயை மட்டும் மாற்றிக் கிடைக்கும் கூடுதல் சக்தி, பின்னால் உட்காரும் நண்பன் இறங்கினால் கிடைக்கும் லாபத்தைவிடக் குறைவு. நிஜமாகவே சக்தி கூட்டும் சைலன்சர்கள் உண்டு. ஸ்லோவேனியாவின் அக்ராபோவிச், ஜப்பானின் யோஷிமுரா போன்ற கம்பெனிகள் அதற்கென்றே பிழைக்கின்றன. அவற்றிலும் பல மாடல்கள் பந்தயத் தளத்துக்கு மட்டும் என்ற குறிப்போடுதான் வருகின்றன. நம் ஊரில் அந்தப் பெயர் பொறித்த தகட்டை ஒட்டி விற்கும் போலிக் குழாயின் விலைக்கு, அசல் சைலன்சரின் அட்டைப்பெட்டிகூட வராது.

கடலூர்க்காரர்களுக்குப் புகை புதிதல்ல. சிதம்பரம் சாலையில் சிப்காட் வளாகத்தைத் தாண்டும்போது பேருந்து ஜன்னலை இழுத்து மூடிப் பழகியவர்கள் நாம். குடிகாடு சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் 2004 வாக்கில், எந்த நாளில் எந்த ஆலைப் பக்கமிருந்து என்ன நாற்றம் வருகிறது என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாட்டிலேயே முன்னோடியான முயற்சி அது. ஆலைப் புகைபோக்கியில் வடிகட்டி இருக்கிறதா என்று இருபது வருடமாகக் கேட்டுவரும் ஊரில், சொந்த வண்டியின் வடிகட்டியைக் காசு கொடுத்துக் கழற்றுகிறோம். ஆலையோடு பைக்கை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அளவில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஆலைப் புகை உயரத்தில் போகிறது. பைக் புகை, பின்னால் நிற்கும் சைக்கிள்காரரின் முகத்துக்கு நேராக வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஏராளமாகச் சொல்கிறது, அதுதான் சிக்கல். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, எல்லா வாகனத்துக்கும் சைலன்சர் கட்டாயம், புகை வெளியேறும் ஓசையை இயன்ற அளவு அது குறைக்க வேண்டும் என்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒரு பைக்கின் ஓசை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவின்படி, சைலன்சர் வழியாக அல்லாமல் புகையை வெளியேற்றி ஓட்டினால் முதல் முறை ஆயிரம் ரூபாய், மறுமுறை இரண்டாயிரம். 190(2) பிரிவு கடுமையானது. ஒலி, காற்று மாசுத் தரத்தை மீறிய வாகனத்தை ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் போகும். 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது.

இதற்கெல்லாம் மேலே 52-ஆவது பிரிவு. பதிவுச் சான்றில் உள்ள விவரம், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அன்றிலிருந்து ‘மாடிஃபிகேஷனே குற்றம்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், மாற்றம் என்பது வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படியான கட்டமைப்பு மாற்றம் என்று இருக்கிறது. சைலன்சர் அடிப்படை அம்சமா? பதிவுச் சான்றில் என்ஜின் எண் இருக்கும், சேஸிஸ் எண் இருக்கும், வண்டியின் நிறம் இருக்கும். என்ன சைலன்சர் என்று இருக்காது. ஒரு நல்ல வக்கீல் ஒரு மணி நேரம் வாதாடலாம். ஆக, சத்தமும் புகையும் வரம்புக்குள் இருக்கிறதா என்ற கேள்விதான் உறுதியான பிடி. அதை அளந்தால்தான் சொல்ல முடியும்.

அளப்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு இல்லை. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. இருபது கூடினால் நூறு மடங்கு. ஆகவே வரம்பை ஐந்து டெசிபல் தாண்டியதற்கும் இருபத்தைந்து தாண்டியதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. ஆனால் சாலையோரச் சோதனையில் பெரும்பாலும் காதுதான் கருவி. புல்லட்டின் இயல்பான சத்தத்தைக் கேட்டே நிறுத்துகிற காவலரும் உண்டு. அமைதியாக உருட்டிக்கொண்டு போகும் பையனை விட்டுவிடுகிறவரும் உண்டு. பையன்களுக்கு ஒரு வழி தெரியும். சைலன்சர் வாயில் ஒரு சின்னக் குழாயைச் செருகி, ஒற்றை போல்ட்டால் முடுக்கிவைப்பார்கள். அதற்கு ‘டிபி கில்லர்’ என்று பெயர். பகலில் உள்ளே இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் அலன் கீ ஒன்றால் வெளியே வரும். விதிப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அனுமதி என்பது வேறு விஷயம். புகைச் சான்று வாங்கப் போகும் இடத்திலும் பெட்ரோல் வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்ப்பார்கள். சத்தத்தைப் பார்க்க மாட்டார்கள். பிறகு எங்கேதான் பார்ப்பார்கள்?

சிதம்பரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பகலில் 50, இரவில் 40 டெசிபல். அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் விடுதிகளும் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கின்றன. அறிவித்தால் ஏறக்குறைய ஊரே அமைதி மண்டலம். 1941-இல் முதல் தமிழிசை மாநாட்டுக்கு இடம் கொடுத்த ஊர், நல்ல ஓசை எது என்று அறிஞர்கள் உட்கார்ந்து பேசிய ஊர். அங்கே இரவு பதினொரு மணிக்கு, பிரசவ வார்டின் ஜன்னலுக்குக் கீழே யாரோ ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்க்கிறார்கள்.

பிடிபடும் பையன் யார் என்றும் கேட்க வேண்டும். கடலூர் முதுநகரிலோ கிள்ளையிலோ இருந்து சிப்காட்டுக்கோ நெய்வேலிக்கோ ஒப்பந்த வேலைக்குப் போகிறவன். மாதத் தவணையில் வாங்கிய முதல் வண்டி. வீட்டிலும் வேலையிலும் அவன் பேச்சுக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வண்டியை முறுக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. இதைத் தூண்டிவிட்டுக் காசு பார்ப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2022-இல் பைக் யூடியூபர் ஒருவர் கடலூருக்கு வந்தபோது திரண்ட பையன்களைக் கலைக்க போலீஸ் தடியடி வரை போனது. அதே யூடியூபர் அடுத்த ஆண்டு தாமல் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்து கைதானார். ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுக்கு ரத்தானது. அவரைப் பார்த்துச் சைலன்சர் மாற்றிய பையன்களின் அபராத ரசீதுகளுக்குக் கணக்கு கிடையாது. பத்தாயிரம் ரூபாய் என்பது அவர்களில் பலருக்கு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு. கட்டுவது அப்பா, அல்லது அம்மாவின் கம்மல்.

அந்தப் பையன்களைப் பிடிக்கும் அதே சாலையில் புதுச்சேரிக்கும் சிதம்பரத்துக்கும் ஓடும் பேருந்துகளின் ஏர்ஹாரனை யார் நிறுத்துகிறார்கள்? அரசியல் ஊர்வலங்களில் வரிசைகட்டி வரும் பைக்குகளை? இன்னொன்று, சத்தமே வராத மாற்றம். பிஎஸ்-6 லாரிகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசலைப் புகையில் பீய்ச்சும் ஏற்பாடு உண்டு. யூரியா செலவை மிச்சம் பிடிக்க, கரைசல் போய்க்கொண்டிருக்கிறது என்று லாரியின் கணினியை ஏமாற்றும் ‘எமுலேட்டர்’ என்ற சின்னப் பெட்டி சந்தையில் விற்கிறது. அதை மாட்டிய ஒரு லாரி ஊதும் நச்சுக்கு முன்னால் நம் பையனின் பைக் ஒன்றுமே இல்லை. ஆனால் காதுக்குக் கேட்காததால் கைகாட்டி நிறுத்துவார் யாரும் இல்லை. சத்தம் போடுகிறவனை மட்டும் பிடிப்பது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது.

விசாகப்பட்டினம், உடுப்பி போன்ற ஊர்களில் போலீஸ் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் மாற்றியமைத்த சைலன்சர் சத்தத்தைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. கேரளத்தில் 2022-இல் ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ என்று தனி வேட்டையே நடந்தது. ரோடு ரோலர் காட்சி தொலைக்காட்சிக்கு நன்றாக இருக்கும். ஆனால் நசுங்கிய குழாய்க்குப் பதில் புதுக்குழாய் வாங்க, அதே பையன் அதே கடைக்குத்தான் போவான். கடைக்காரருக்கு இன்னொரு வியாபாரம்.

விற்பனையை நிறுத்த முடியுமா என்றால், முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. காரில் சீட் பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை அடக்க ஒரு கிளிப் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ உள்ளிட்ட ஐந்து ஆன்லைன் நிறுவனங்களுக்கு அதை விற்கக் கூடாதென உத்தரவிட்டது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கிளிப் மாட்டிய ஒவ்வொரு காராகத் தேடி அலையவில்லை. சைலன்சருக்கு ஏன் இதைச் செய்யவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து நியாயமான பதில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவிலேயே, முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகம் என்று அறிவிக்கப்பட்ட பொருளைத் தரமில்லாமல் விற்பவருக்கு ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை என்று இருக்கிறது. சைலன்சரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் தெளிவாகப் பெயர் சொல்லி அந்த வளையத்துக்குள் கொண்டுவந்தால் விஷயம் கடை வாசலிலேயே முடிந்துவிடும்.

அதோடு நேர்வழி ஒன்றையும் திறந்துவிட வேண்டும். ஐரோப்பாவில் மாற்றுச் சைலன்சரை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. சத்தமும் புகையும் வரம்புக்குள் இருப்பதாகச் சோதித்த குழாயின் மேல், வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எந்த மாடலுக்குப் பொருந்தும் என்பதும் தெரியும். போலீஸ்காரர் குனிந்து பார்த்தால் போதும். காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் முடியாத காரியம் இல்லை. 2019-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனமே, சட்ட வரம்புக்கு உட்பட்டவை என்று சொல்லிப் பதினாறு வகைச் சைலன்சர்களை மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் விலையில் கொண்டுவந்தது. பையன் கேட்பது கொஞ்சம் மாறுபட்ட தோற்றம், கொஞ்சம் கனத்த குரல். அதை 80 டெசிபலுக்குள் கொடுக்க முடியும் என்றால், கொடுத்துவிட்டு அதற்கு மேல் போகிறவனைத் தண்டிக்கலாம். இப்போது மூவாயிரம் ரூபாய்க் குழாயையும் எண்ணூறு ரூபாய்க் குழாயையும் ஒரே தட்டில் வைத்து ‘மாடிஃபிகேஷன்’ என்கிறோம். வாங்குகிறவனும் விலை குறைந்ததையே எடுக்கிறான்.

எல்லைச் சிக்கலும் ஒன்று இருக்கிறது. பெண்ணையாற்றைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே வாங்கி மாட்டிக்கொண்டு இங்கே வருகிறார்கள். இங்கே பிடித்தால் வண்டி அந்த ஊர்ப் பதிவு. ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘ஷார்ட் பாட்டில்’ வண்டியின் பக்கவாட்டில் பளபளத்துக்கொண்டு நிற்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

தில்லியில் விதி மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கடலூர் மாவட்ட நிர்வாகம் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. பிடிபடும் ஒவ்வொரு பைக்கின் சலானிலும், குழாயை எங்கே வாங்கினாய், யார் மாட்டினார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு இடம் விட்டு எழுதுங்கள். மூன்று மாதத்தில் ஒரே ஐந்தாறு கடைகளின் பெயர் திரும்பத் திரும்ப வரும். கடலூர், சிதம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கு ஆளுக்கு இரண்டு ஒலி அளவிகள் வாங்கிக் கொடுங்கள். நிறுத்தி வைத்த வண்டியின் குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வைத்து அளக்கும் முறையை ஒரு நாள் பயிற்சியில் கற்றுத்தரலாம். அளவைச் சலானில் எழுதுங்கள். வாக்குவாதம் பாதியாகக் குறையும். முதல் முறை சிக்குகிறவனுக்கு, ஒரு வாரத்துக்குள் கம்பெனி சைலன்சரை மாட்டிக்கொண்டு வந்து காட்டினால் அபராதத்தில் சலுகை தரலாம். சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடப்பது அதுதானே.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை. அண்ணே, ஊரில் உங்கள் பேச்சைத்தான் பையன் கேட்பான். அப்பா சொன்னால் கேட்க மாட்டான், சட்டம் சொன்னால் சிரிப்பான். பிக்கப் ஏறாது, வால்வு போகும், மைலேஜ் போகும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்கானை அறுக்க வருகிற வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அதில் போகும் ஐந்நூறு ரூபாய் கூலிக்குப் பதில், அவன் உங்களிடமே ஒழுங்காக சர்வீஸுக்கு வருவான்.